கடைசி வாங்கு

ஆண்டின் முதலாந் தவணை தொடங்கும் காலையிலே கண்டி நகரின் பஸ் தரிப்பிடங்களில் சிறிது நேரம் நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காண்பார்கள். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பஸ்களிலிருந்து, தாயின் கையையோ தந்தையின் கையையோ பற்றிக்கொண்டு சிறுவரும் சிறுமியரும் இறங்குவர். அடுத்த ஆண்டுக்கும் உதவவேண்டுமென்று சற்றுப் பெரிதாகவே தைத்த வெள்ளைச் சட்டை. கால் இன்னும் பழகாத புதுச் சப்பாத்து. புத்தகங்கள் நிறையாமையால் தொய்ந்து தொங்கும் பை. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்து, நகரத்துப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு வருகின்ற பிள்ளைகள் இவர்கள். பெற்றோர் முகத்திலே பெருமிதம் இருக்கும். பிள்ளையின் முகத்தில் இருப்பது யாதென்று பார்ப்பவர் சிலரே.

அப்பிள்ளை அன்று வகுப்பிலே எங்கே அமரும் என்பதை, நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் முன்கூட்டியே சொல்லக்கூடும். கடைசி வாங்கிலே அமரும். அதிலும் சுவரோரத்திலே அமரும். அங்கே இருக்கும்படி எவரும் பணித்திரார். ஆயினும் அங்கேதான் போய் அமரும்.

புதிய பள்ளியில் பிள்ளை பழகிக்கொள்ளவேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பழகிக்கொள்வது பிள்ளையின் கடமை என்றே கருதியும் விட்டோம். பவணந்தி முனிவர் அவ்வாறு கருதினாரில்லை. நன்னூற் பொதுப்பாயிரத்தை எடுத்து நோக்குங்கள். நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, பாடஞ் சொல்லும் இயல்பு, மாணாக்கன் இயல்பு, பாடங் கேட்கும் இயல்பு என்பது அவர் வைத்த வரிசை. மாணாக்கன் நான்காம் இடத்திலேதான் வருகிறான். அவனுக்கு முன்னரே, இடமும் காலமும் அறிந்து, கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்பதையும் அறிந்து சொல்லவேண்டிய பொறுப்பு ஆசிரியன்மேல் ஏற்றப்பட்டுவிட்டது. நாமோ அன்னத்தையும் ஆவையும் மறந்து, கடைமாணாக்கனுக்குச் சொன்ன எருமையையும் ஓட்டைக் குடத்தையும் மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டோம்.

இதனை நான் ஏட்டிலே கற்பதற்கு முன்னரே கடைசி வாங்கிலே கற்றவன். 1981ஆம் ஆண்டு, கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கண்டிப் பாடசாலை ஒன்றின் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தேன். முதல் நாளே, தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறதென்று பக்கத்துப் பையனிடம் மெல்லக் கேட்டேன். தமிழ் படிப்பித்த பண்டிதர் யாழ்ப்பாணத்தவர். அவர் நிமிர்ந்து பார்த்து, “தம்பி, கதையாமல் இரும்” என்றார். எழுந்து நின்று, “ஐயா, நான் கதை ஒண்ணும் சொல்லலைங்க” என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. இடைவேளைக்குள் எனக்குக் ‘கதைகாரன்’ என்று பெயர் வந்துவிட்டது. எங்கள் லயத்திலே மனிதர் பேசுவார்களேயன்றிக் கதைப்பதில்லை. கதை என்பது இரவிலே பாட்டி சொல்வது. அடுத்த இரண்டு நாட்கள் நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, தோட்டத்துப் பள்ளிக்கே திரும்பிப் போகிறேன் என்று அம்மாவிடம் அழுதேன். அங்கே ஆறாம் வகுப்பே இல்லை என்பது எனக்குத் தெரியாததன்று.

நான்காம் நாள் பண்டிதர் ஐயா என்னை அருகே அழைத்தார். “ஏன் தம்பி ஒரு மாதிரி இருக்கிறீர்? வீட்டிலே ஆரும் ஏசினவையோ?” என்று கேட்டார். “இல்லைங்க ஐயா, அம்மா என்கிட்ட நல்லாப் பேசுவாங்க” என்றேன். அவர் முகம் வாடிற்று. யாழ்ப்பாணத்திலே பேசுதல் என்றால் ஏசுதல் என்பதும், என் தாய் என்னை நன்றாக ஏசுகிறாள் என்றே அவர் விளங்கிக்கொண்டார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? சிறிது நேரத்தில் அவருக்கே விளங்கிவிட்டது. விளங்கியதும் தம்மைத்தாமே நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். பின்னர்க் கரும்பலகையிலே ‘பேசு’, ‘கதை’ என்னும் இரண்டு சொற்களையும் அருகருகே எழுதினார். ஒன்று தமிழ் வேரிலே பிறந்தது, மற்றையது வடமொழியிலிருந்து வந்து தமிழ் வினையாகிவிட்டது. இரண்டும் நம்முடைய சொற்களே. ஓர் ஊரிலே ஒன்று குடியிருக்கிறது, மற்றோர் ஊரிலே மற்றது குடியிருக்கிறது என்று விளக்கினார். “இந்தத் தம்பி கேட்டபடியால்தானே நாங்கள் எல்லாரும் இதைப் படித்தோம்” என்று முடித்தார். அன்று நான் முன் வாங்குக்கு வரவில்லை. ஆனால் மறுநாளும் பாடசாலைக்கு வந்தேன்.

ஒரே மொழியைப் பேசுகின்ற பிள்ளைக்கே இந்நிலையெனின், தன் மொழியையே பள்ளி வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டிய பிள்ளையின் நிலை எத்தகையது? அந்தக் காலமும் கண்டியில் இருந்தது. 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரிக்கு, உகண்டாவிலே பணியாற்றிவிட்டு வந்த ஏ. ஜி. பிரேசர் பாதிரியார் 1904இல் அதிபரானார். அவர் தாமும் இவ்வூருக்குப் புதியவர். இந்நாட்டுப் பிள்ளைகள் இந்நாட்டிலேயே அந்நியராய்க் கற்பதைக் கண்டார். தாய்மொழியறிவு இல்லாத கல்வி மெய்யான கல்வி ஆகாது. தம் மக்களின் மொழியறியாத படிப்பாளிகள் அம்மக்களுக்குப் பயன்படமாட்டார் என்பது அவர் கொள்கை. ஆங்கிலமே கல்வியென்று மதிக்கப்பட்ட அந்நாளிலே சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்திற் புகுத்தினார். கண்டி மரபைத் தழுவி, செதுக்கிய கற்றூண்களோடு அக்கல்லூரியில் எழுந்த வழிபாட்டாலயத்திற்கு வித்திட்டதும் அவர் காலமே. 1924இல் அவர் இங்கிருந்து ஆபிரிக்காவின் அச்சிமோட்டாக் கல்லூரிக்குச் சென்றார். பிள்ளை பள்ளிக்கேற்ப மாறுவதற்கு முன்னர்ப் பள்ளி பிள்ளைக்கேற்பச் சிறிது மாறவேண்டும் என்னும் பாடம் இங்கே நின்றது.

அவருக்கும் முன்னர், 1838இல் இதே கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை வேறொரு வழியில் இதனைச் செய்தார். மதம் போய்விடுமோ என்று அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் பலர், அந்நாளிற் பிள்ளைகளைப் பாதிரிமார் பள்ளிகளுக்கு அனுப்பத் தயங்கினர். தயங்கியவர்களை இகழாமல், அவர்கள் அச்சமின்றி நுழையக்கூடிய வாயிலை அவர் கட்டினார். வழக்கறிஞராயிருந்த அவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிக் கல்வியின் தேவையை எழுதினார். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைக்கப் பாடுபட்டார். 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யைத் தந்து ஈழத்துத் தமிழ் நாவலின் முன்னோடியுமானார்.

பின்னர் 1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் தோட்டத்துப் பள்ளிகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகங்களின் நிழலிலேயே கிடந்தன. 1970களிலேதான் அரசு அவற்றைப் படிப்படியாகக் கையேற்றது. அதன் பின்னரே எங்களைப் போன்றோர் பெருந்தொகையாக நகரத்து வாயிலுக்கு வந்தோம். சட்டம் வாயிலைத் திறக்கும். கடைசி வாங்கிலிருந்து பிள்ளையைக் கைபிடித்து அழைத்துவரச் சட்டத்தால் இயலாது.

எனக்கு ஒருவர் செய்ததை நான் எல்லோருக்கும் செய்தேன் என்று எழுத என் கை கூசுகிறது. ஆசிரியனாகிய இரண்டாம் ஆண்டில், என் வகுப்பின் சுவரோரத்திலும் அத்தகைய சிறுவன் ஒருவன் இருந்தான். அமைதியானவன், தொந்தரவில்லாதவன் என்று மகிழ்ந்தேன். நான்கு நாட்கள் வந்தான். ஐந்தாம் நாள் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து விசாரித்தபோது, கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றார்கள். இடாப்பிலே அவன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டியது இந்தக் கைதான். அந்நான்கு நாட்களில் அவன் குரலை நான் ஒருமுறையேனும் கேட்டதாக நினைவில்லை.

அதன்பின் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். முதற் கிழமையில் எவரையும் பரீட்சிப்பதில்லை. பெயரை எப்படிச் சொல்லவேண்டும் என்று அப்பிள்ளையையே கேட்டு, அப்படியே இடாப்பில் எழுதுகிறேன். பழைய மாணாக்கன் ஒருவனைத் துணையாக்கி, குழாயும் மலசலகூடமும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸும் எங்கே என்று காட்டச் செய்கிறேன். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு புதுப்பிள்ளையின் குரலும் வகுப்பில் ஒலிக்கிறதா என்று குறித்துக்கொள்கிறேன். ஊர்ச் சொல் ஒன்று வந்தால் அதைத் திருத்துவதற்கு முன் கரும்பலகையில் ஏற்றுகிறேன். இவற்றிற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆயினும் இவை இல்லாத வகுப்பில் இலக்கணம் நுழைவதை நான் கண்டதில்லை.

இவ்வாண்டும் சுவரோரத்தில் ஒருவன் வந்து அமர்ந்தான். கிழமை ஒன்று கழிந்தது. பத்தாம் நாள், நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் முறையிட்டது: “ஐயா, இவங்க கதைக்கிறாங்க.”

யாழ்ப்பாணத்து வினையும் மலையகத்து விகுதியும்! இலக்கணப் பண்டிதன் திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கதைத்தவர்களை விசாரிக்கத் திரும்பினேன்.