உங்களுக்குத் தெரியுமா? ஒரேயொரு எழுத்துப் பிழை!

தைரொயிட் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது பாப்பிலரி வகை. அதில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், மரபணுவில் மாறிய ஒரேயொரு எழுத்து!

'பிராஃப்' மரபணுவின் 1799ஆவது இடத்தில் 'டி' இருக்க வேண்டும். அங்கே 'ஏ' வந்துவிட்டால், அந்த மரபணு தரும் புரதத்தின் 600ஆவது அமினோ அமிலமும் மாறுகிறது. 'பெருகு' என்ற கட்டளை கலத்துக்கு ஓயாமல் போகிறது.

• இந்தப் பிழை பரம்பரையாக வருவதல்ல. பிற்காலத்தில் சுரப்பிக் கலத்தில் தோன்றுவது. பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது.

• மெடுலரி வகை வேறு. அது வந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு 'ரெட்' மரபணு மாற்றம் பரம்பரையாக வந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனையில் அந்த மாற்றம் தெரிந்தால், கட்டி தோன்றுமுன்பே சுரப்பியை அகற்றி உயிரைக் காக்கலாம்.

• உணவிலுள்ள அயடினுக்கும் தைரொயிட் புற்றுநோயின் வகைக்கும் தொடர்பு உண்டு. புத்தளம் உப்பளங்களில் விளையும் உப்பானாலும், உணவுக்கு வரும்போது அதில் அயடின் இருக்க வேண்டும். இலங்கையில் 1995 முதல் இது சட்டம். அயடின் குறைந்த ஊர்களில் ஃபொலிக்குலர் வகைப் புற்றுநோயின் பங்கு கூடுதல். போதிய அயடின் கிடைக்கும் இடங்களில் பாப்பிலரியின் பங்கு கூடுதல். இதற்காக அயடின் உப்பைத் தவிர்க்க வேண்டாம்: கண்டக்கழலையைத் தடுப்பது அதுவே.

• 2018இல் 'பிராஃப்' பிழையுள்ள, மிக வேகமாகப் பரவும் அனாப்பிளாஸ்டிக் தைரொயிட் புற்றுநோய்க்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் கூட்டு மருந்தை அமெரிக்கா அனுமதித்தது.