காற்றுக்கு ஒரு தகடு

மெல்பேர்ன் கோடையில் 40 டிகிரி அடிக்கிற நாளில், மேடு ஏறும்போது எங்கள் பழைய டர்போ காருக்கு மூச்சு வாங்கும். பெரிய இன்டர்கூலர் வாங்கிப் பூட்டலாம். ஆனால் விலை கையைக் கடிக்கும். இருக்கிற இன்டர்கூலருக்குக் காற்று ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் பார்ப்போம் என்று 14 வயது மகளையும் கூப்பிட்டேன்.

டர்போ காற்றை அழுத்தித்தான் எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப் சுடும் அல்லவா, அதே கதைதான். 30 டிகிரி காற்றின் அழுத்தத்தை இருமடங்காக்கினால் கணக்குப்படியே 96 டிகிரி வரும். நிஜத்தில் 100ஐத் தாண்டும். சூடான காற்றில் ஒட்சிசன் குறைவு. எஞ்சின் தட்டாமல் இருக்க, காரின் கணினி தீப்பொறி நேரத்தையும் பின்தள்ளும். இழுவை போய்விடும். அந்தச் சூட்டை இறக்குவதுதான் இன்டர்கூலரின் வேலை. 60 டிகிரிக் காற்று 50க்கு இறங்கினால், அதே அழுத்தத்தில் சுமார் 3 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற கார்களின் பொனட் மேல் ஒரு வாய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கும் இன்டர்கூலருக்குக் காற்றைக் கொண்டுபோவதற்கு. எங்கள் காரும் அதே அமைப்புத்தான். ஆனால் காற்று சோம்பேறி. நெருக்கமான தகடுகளுக்குள் புகுவதைவிடப் பக்கத்து இடுக்கால் நழுவத்தான் பார்க்கும். இடுக்கை அடைத்திருந்த ஸ்பொஞ்ச் வயதாகி உதிர்ந்திருந்தது.

"அப்ப காத்துக்கு வேற வழி இல்லாமச் செய்யோணும்," என்றாள் மகள். முழு வேலையும் அந்த ஒரு வசனம்தான்.

சீரியல் பெட்டி அட்டையில் அளவு பார்த்து வெட்டினோம். மூன்றாவது அட்டை சரியாக வந்தது. அதை 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் வரைந்து, கத்தரியால் வெட்டி, விளிம்புகளை அரத்தால் தேய்த்தோம். உள்ளே வரும் காற்று கீழே திரும்புவதுபோலத் தகட்டை வளைத்து, பொனட்டின் அடியில் ஏற்கெனவே இருந்த திருகுத் துளைகளிலேயே பூட்டினோம். சுற்றிவர வெப்பம் தாங்கும் ஸ்பொஞ்ச் பட்டி. பிளாஸ்டிக் அட்டை வேண்டாம். டர்போ பக்கத்தில் உருகிவிடும்.

பொனட்டை மூடினால் தகடு எதிலாவது இடிக்குமா? ரொட்டிக்குக் குழைத்த மாவில் நாலு உருண்டை எடுத்து இன்டர்கூலர் மேல் வைத்து, மெதுவாக மூடித் திறந்தோம். நசுங்கிய உருண்டையின் தடிப்புத்தான் இடைவெளி. "ரொட்டி எங்கே?" என்று மனைவி கேட்டது வேறு விஷயம்.

அளப்பதற்குக் காரின் கணினி காட்டும் காற்று வெப்பநிலை உதவாது. பல கார்களில் அந்த உணரி டர்போவுக்கு முன்னாலேயே இருக்கும். அதனால் வயர் உள்ள வெப்பமானியின் முனையை, இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் பக்கத்தில் ஒட்டினோம். நான் ஓட்ட, அவள் பக்கத்திலிருந்து எழுதினாள். சனிக்கிழமை தகடு இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை தகடோடு. அதே ரோடு, அதே வேகம். ஏழெட்டு டிகிரி குறைவு!

அவள் சிரிக்கவில்லை. "இண்டைக்கு வெளியிலயும் குளிர்தானே அப்பா? இது ஃபெயார் டெஸ்ட் இல்லை."

ரோட்டோரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தகட்டைக் கழற்றி அதே நாளில் திரும்ப ஓடினோம். வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூட என்ற வித்தியாசத்தை மட்டும் ஒப்பிட்டாள். இந்தமுறை ஐந்து டிகிரிதான். "அஞ்சு, ஆனா உண்மையான அஞ்சு," என்றாள். கடையில் வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நீங்களும் செய்வதானால் சில விஷயங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். பெல்ட், டர்போ, ரேடியேட்டர் பக்கம் தகடு போகக்கூடாது. ஒரு வாரம் ஓடிய பின் திருகுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். உங்கள் நாட்டு வாகனச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து, காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இன்னொன்று: டிராஃபிக்கில் நிற்கும்போது இந்தத் தகட்டால் பயன் இல்லை. கார் ஓடினால்தான் காற்று வரும்; காற்று வந்தால்தான் அதற்கு வழிகாட்ட முடியும்.