மலையில் ஒரு பொதுக் குரல்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுள் ஒன்றில் நள்ளிரவில் பேருந்து கவிழ்ந்தால், காவலர், தீயணைப்பு வீரர், மருத்துவ ஊர்தியினர், வனத்துறையினர் யாவரும் விரைதல் வேண்டும். அவரவர் தனித்தனி அலைவரிசையில் பேசினால் ஒருவர் சொல் மற்றவர் செவிக்கு எட்டாது. பொது வானொலி அமைப்பு இதனாலேயே வேண்டப்படுகிறது.

இவ்வகை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் தடைப்படும். எனவே வாசலூர்பட்டியிலிருந்து எழும் குரலைச் சிகரத்து நிலையம் ஓர் அதிர்வெண்ணில் வாங்கி, வேறோர் அதிர்வெண்ணில் வலுவூட்டி அனுப்புதல் வேண்டும். புதிய அமைப்புகளில் கணினியே காலியான தடத்தை ஒதுக்கி, அபாய அழைப்புக்கு முன்னுரிமை தருகிறது.

ஆனால் அந்நிலையம் ஓய்ந்தால் அனைவரும் ஒருங்கே ஊமையாவர்! புதியது வந்ததும் நேருக்கு நேர் பேசும் பழைய கருவியை எறிந்துவிடுவோர் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையால் அந்தமானில் தொலைபேசி அற்றபோது, போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் அம்மையார் அமெச்சூர் வானொலி வழியாகவே செய்திகளை அனுப்பினார்.