சம்ப், கிணறு, நீச்சல் குளம்: வீட்டுத் தண்ணீரில் குழந்தையைக் காப்பது எப்படி?

ஏப்ரல் கடைசி வாரம். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் லால்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும் நேரம். அபார்ட்மென்ட்டில் வளரும் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாத்தா வீடு பெரிய உலகம். முன்னால் வாசலில் சம்ப், பின்னால் கொல்லையில் கிணறு, நாலு வீடு தள்ளி வாய்க்கால். வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

‘இப்பத்தான் இங்க விளையாடிட்டு இருந்தான்...’ தண்ணீரில் குழந்தையைப் பறிகொடுத்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஒரு குழந்தை மூழ்குவதற்கு அந்த ‘இப்பத்தான்’ போதும்.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. இந்தியாவில் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுப் பதிவுகள் காட்டுகின்றன. இந்த ஆபத்தை நினைவூட்டவே ஜூலை 25-ஐ உலக நீரில் மூழ்குதல் தடுப்பு தினமாக ஐ.நா. பொதுச் சபை 2021-ல் அறிவித்தது.

ஏன் சத்தமே கேட்பதில்லை?

சினிமாவில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார். நிஜத்தில் மூச்சுக்கே திணறும்போது கத்த முடியாது. நீருக்கு மேல் நடக்கும் போராட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சில நிமிடங்கள் ஆக்ஸிஜன் இல்லாவிட்டாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

சிறு குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். பாதி நிரம்பிய பக்கெட்டில் தலைகீழாக விழுந்தால்கூடத் தானாக எழ முடியாது. நேரமும் முக்கியம். வங்கதேசத்தில் நடந்த ஆய்வுகளில், சிறு குழந்தைகள் அதிகம் மூழ்குவது காலை 9 மணி முதல் மதியம் 1 மணிக்குள் என்று தெரியவந்தது. அம்மா சமையலிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் நேரம் அது.

நீச்சல் குளத்துக்கு வெளிநாடுகளில் என்ன விதி?

வீட்டுக்கு வீடு நீச்சல் குளம் உள்ள ஆஸ்திரேலியா இதில் முன்னோடி. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-லேயே நீச்சல் குளங்களுக்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கு குளத்தைச் சுற்றிக் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது சுமார் 4 அடி உயர வேலி வேண்டும். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கேட் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை ஏறி உள்ளே குதிக்க வசதியாக நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேலி ஓரம் இருக்கக் கூடாது.

பிரான்ஸில் 2003-ம் ஆண்டுச் சட்டம், நிலத்தில் பதித்த வீட்டுக் குளங்களுக்கு வேலி, அலாரம், மூடி, கூரைக்கூண்டு இவற்றில் ஒன்றைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் வெந்நீர்க் குளியல் தொட்டியின் வடிகால் துளை உறிஞ்சிப் பிடித்ததால் 7 வயதுச் சிறுமி 2002-ல் இறந்தார். அவர் பெயரிலேயே 2007-ல் வந்த சட்டத்தின்படி, பொது நீச்சல் குளங்களில் உறிஞ்சிப் பிடிக்காத வடிகால் மூடி கட்டாயம்.

பெரியவர்கள் பார்க்காத அந்த ஒரு நிமிடத்தில் தடுப்பு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இந்த விதிகளின் அடிப்படை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தகவல்படி, மனையைச் சுற்றி மட்டும் போடும் மூன்று பக்க வேலியைவிட, வீட்டிலிருந்தும் குளத்தைப் பிரிக்கும் நான்கு பக்க வேலி குழந்தை மூழ்கும் அபாயத்தை 83 சதவீதம் குறைக்கிறது.

நம் ஊரில்?

வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி கட்டாயம் என்று சொல்லும் தனி தேசியச் சட்டம் இந்தியாவில் இல்லை. நீரில் மூழ்குதல் தடுப்புக்கான செயல்திட்ட வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில்தான் வெளியிட்டது.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் திருச்சி மாவட்டமே சாட்சி. மூடாத ஆழ்துளைக் கிணறுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2010-ல் நெறிமுறை வகுத்தது. 2015-ல் தமிழக அரசும் ஊராட்சிப் பகுதிகளுக்குக் கிணறு பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும், 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நான்கு நாள் மீட்புப் போராட்டத்துக்குப் பின் சடலமாக மீட்கப்பட்டது.

லால்குடி வீட்டில் எதற்கு ‘வேலி’?

இங்கு நீச்சல் குளம் உள்ள வீடுகள் குறைவு. ஆனால், சம்ப், கிணறு, பம்புசெட் தொட்டி, வாய்க்கால் எல்லாம் உண்டு. ஆஸ்திரேலிய விதியை இவற்றுக்கு இப்படிப் பொருத்தலாம்:

• சம்ப்: மோட்டார் போட்டுவிட்டு, ‘தண்ணி ஏறுதா’ன்னு மூடியைத் திறந்து பார்ப்பது வழக்கம். நடுவில் போன் வந்தால் மூடி அப்படியே கிடக்கும். கனமான மூடி, கொக்கி, பூட்டு வேண்டும். மூடிக்குக் கீழே நிரந்தரக் கம்பி வலை இருந்தால், திறந்து கிடந்தாலும் குழந்தை விழாது.

• கிணறு: சுற்றுச்சுவர் 4 அடிக்குக் குறையக் கூடாது. மேலே பூட்டுள்ள இரும்புக் கம்பி வலை வேண்டும். சுவரை ஒட்டித் துவைக்கும் கல்லோ அண்டாவோ இருந்தால் அதுவே குழந்தைக்குப் படிக்கட்டு.

• பம்புசெட் தொட்டி, அண்டா, பக்கெட்: குளித்து முடித்ததும் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். காலி செய்ய முடியாத தொட்டியை மூடிவையுங்கள்.

• வாய்க்கால்: அய்யன், பெருவளை, புள்ளம்பாடி வாய்க்கால்களுக்கு நெடுக வேலி போட முடியாது. அதனால் வேலி வீட்டுக்குத்தான். வாசலிலும் கொல்லையிலும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். மே மாதம் காய்ந்த வாய்க்காலில் விளையாடிய பிள்ளைக்கு, ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது ஆழம் தெரியாது.

• அங்கன்வாடி: வேலை நேரத்தில் சின்னப் பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்க ஓர் இடம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று.

பண்ணை வீடு, அபார்ட்மென்ட் குளத்துக்குப் போனால்?

பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். குளத்தைச் சுற்றித் தனி வேலி உண்டா? ஆழம் எழுதியிருக்கிறதா? வடிகால் மூடி உடையாமல் இருக்கிறதா? மின் இணைப்புக்குக் கசிவுத் தடுப்பு சுவிட்ச் உண்டா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் பெங்களூரு வர்த்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நீச்சல் குளத்தில் சிறுமி ஒருவர் இறந்தார். முதலில் மூழ்கி இறந்ததாகவே கருதப்பட்டது. காரணம் மின்சாரம் பாய்ந்தது என்று பின்னர் தெரிந்து, குடியிருப்போர் சங்க நிர்வாகி உட்படப் பலர் கைதானார்கள்.

குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர்களில் ஒருவருக்கு அதுமட்டும்தான் வேலை. 15 நிமிடத்துக்கு ஒருவர், கையில் போன் இல்லாமல். ‘நீ பாரு, நான் வர்றேன்’ என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டே எழ வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுப் பொருள்தான். அது உயிர்காக்கும் ஜாக்கெட் ஆகாது.

விழுந்துவிட்டால்?

குழந்தையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கட்டிலுக்கு அடியிலும் பக்கத்து வீட்டிலும் பிறகு தேடலாம். வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது, வாட்ஸ்அப்பில் வருவதுபோல் உப்பில் புதைப்பது எதுவும் வேண்டாம். அதில் போவது உயிர் காக்கும் நிமிடங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதி, மார்பின் நடுவில் 30 முறை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை இதைத் தொடர வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அவசியம். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போனதும், பையை இறக்கிவைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால் எந்த மூடி நகர்கிறது, எந்தக் கதவு திறக்கிறது என்பது தெரியும். ‘நாங்கல்லாம் இந்தக் கிணத்தடியிலதான் வளந்தோம்’ என்று தாத்தா சிரிக்கலாம். சிரிக்கட்டும். சம்ப்புக்கு ஒரு பூட்டு வாங்க அவரையே கடைவீதிக்குக் கூட்டிப் போங்கள்.