ராஜா வராத ஊரில் ராஜாவின் நீதிமன்றம்

ஸ்பானிய அமெரிக்காவில் ஒரு நகரத்தில் புதிதாக அரச நீதிமன்றம் அமைகிறது என்றால், அன்றைய விழாவின் நாயகர் நீதிபதி அல்ல, முத்திரை. அரசரின் முத்திரையைப் பெட்டியில் வைத்து, அலங்கரித்த குதிரைமேல் ஏற்றி, விதானம் பிடித்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் புடைசூழ அழைத்து வருவார்கள். மூலவர் ஸ்பெயினை விட்டு அசையமாட்டார். வீதியுலா வந்தது உற்சவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு ஆண்டுக் காலனி ஆட்சியில் ஒரு ஸ்பெயின் அரசர்கூட அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை.

அந்த நீதிமன்றத்துக்கு அவுதியென்சியா என்று பெயர். 1511-இல் சாந்தோ தொமிங்கோவுக்கு முதல் ஆணை பிறந்தது. அது நிலைத்து இயங்க 1526 ஆகிவிட்டது. பிறகு 1528-இல் மெக்சிகோ, 1538-இல் பனாமா, 1543-இல் லிமா, 1563-இல் கீட்டோ என்று கிளை விட்டது. பசிபிக்கைத் தாண்டி மணிலாவுக்கும் 1583-இல் ஒன்று போனது.

ஸ்பெயினிலேயே வயதோலித், கிரனாதா ஆகிய ஊர்களில் இதற்கு முன்மாதிரிகள் இருந்தன. அங்கே அவை வழக்கு மட்டும் கேட்டன. அமெரிக்காவில் அதே நீதிமன்றத்தின் தலையில் நிர்வாகத்தையும் ஏற்றினார்கள். வைஸ்ராய் முக்கியமான முடிவு எடுக்குமுன் நீதிபதிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர் போட்ட உத்தரவால் பாதிக்கப்பட்டவன் அதே நீதிபதிகளிடம் மேல்முறையீடு செய்யலாம். வைஸ்ராய் இறந்துபோனால், அடுத்தவர் வரும்வரை நாட்டை ஆள்வதும் அவர்களே. வைஸ்ராயைப் பற்றி அரசருக்கு நேராக எழுதவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அவரும் அவர்களைப் பற்றி எழுதுவார்.

குழப்பமாக இருக்கிறதா? குழப்பம் வேண்டுமென்றே செய்ததுதான். கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும் தூரத்தில் எவனையும் முழுதாக நம்ப அரசர் தயாராக இல்லை. அதனால் ஒருவர்மேல் ஒருவரைக் காவல் வைத்தார். பதவி முடிந்தவுடன் விசாரணையும் உண்டு: யார் வேண்டுமானாலும் வந்து அந்த அதிகாரிமேல் புகார் சொல்லலாம்.

நீதிபதிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகள் துறவிக்குச் சொன்னவை மாதிரி இருக்கும். தங்கள் எல்லைக்குள் நிலம் வாங்கக் கூடாது, வியாபாரம் கூடாது, அனுமதி இல்லாமல் உள்ளூரில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ கூடாது. நடைமுறை வேறு. அனுமதியை வாங்கிக்கொண்டு கட்டியவர்களும் உண்டு, வாங்காமல் கட்டியவர்களும் உண்டு. 1687 முதல் 1750 வரை, கஜானா காய்ந்தபோதெல்லாம், அரசாங்கமே நீதிபதிப் பதவிகளை விலைக்கு விற்றது. காசு கொடுத்து நாற்காலி வாங்கியவர்களில் உள்ளூர்ச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். அப்புறம் உள்ளூர் உறவு கூடாது என்ற விதிக்கு என்ன மரியாதை?

மெக்சிகோவின் முதல் அவுதியென்சியா வேலியே பயிரை மேய்ந்த கதை. அதன் தலைவர் நூன்யோ தெ குஸ்மானும் உடனிருந்த நீதிபதிகளும் மக்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். ஊர்க்கடிதம் ஸ்பெயினுக்குப் போகாமல் தடுத்தார்கள். பிஷப் சுமாராகா தன் புகாரை 1529-இல் ஒளித்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. குஸ்மான் கூட்டத்தை நீக்கிவிட்டு இரண்டாவது அவுதியென்சியாவை அரசர் அமைத்தார்.

அதன் முன்னால் 1531-இல் உவெஹோட்சிங்கோ என்ற ஊரின் வழக்கு வந்தது. அந்த ஊரின் கப்பம் மெக்சிகோவை வென்ற கோர்த்தெஸுக்கு உரியது. அவர் ஸ்பெயினுக்குப் போயிருந்த சமயத்தில் குஸ்மான் ஆட்கள் அதை வாரிச் சுருட்டினார்கள். ஊராட்கள் கொண்டுவந்த சாட்சியம், நாட்டுக் காகிதத்தில் தீட்டிய எட்டு ஓவியத் தாள்கள். எத்தனை சோளம், எத்தனை வான்கோழி, எவ்வளவு துணி என்று அவர்கள் வழக்கப்படி குறிகளால் கணக்கு. ஒரு தாளில் குழந்தையை ஏந்திய மரியாளின் உருவம். குஸ்மான் படையெடுப்புக்குத் தூக்கிப்போகப் பொன்னும் இறகும் பதித்த கொடி கேட்டிருந்தார்; அந்தப் பொன்னுக்காக ஊரார் 20 அடிமைகளை விற்றார்கள். விற்கப்பட்டவர்களின் உருவங்களும் அதே தாளில் இருக்கின்றன.

நீதிமன்றம் அந்த ஓவியங்களைச் சாட்சியமாக ஏற்றது. தீர்ப்பு ஊருக்குச் சாதகமாக வந்தது. 1538-இல் அரசரும் அதை உறுதிசெய்து, வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தரச் சொன்னார். இதை ஏழைப் பங்காளன் கதையாக்கிவிட வேண்டாம். வழக்குப் போட்ட கோர்த்தெஸுக்குத் தன் வருமானம்தான் கவலை. விற்கப்பட்ட இருபது பேருக்கு அந்தத் தீர்ப்பால் என்ன கிடைத்தது? இருந்தும், ஒரு நீதிபதிமேல் இன்னொரு நீதிபதியிடம் போய் முறையிடலாம் என்பதை அங்குள்ள மக்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். அடுத்த முந்நூறு ஆண்டும் சளைக்காமல் வழக்காடினார்கள்.

லிமாவில் இந்தக் காவல் ஏற்பாடு எல்லை மீறிப்போனது. பழங்குடிகளைப் பாதுகாக்கும் புதுச் சட்டங்களோடு வந்த வைஸ்ராய் நூன்யெஸ் வேலாவை, 1544-இல் அவருடைய நீதிபதிகளே கைதுசெய்து கப்பலேற்றினார்கள். வழியில் தப்பிப் படை திரட்டிய அவர், 1546-இல் கீட்டோவுக்கு அருகே, கலகத் தலைவர் கொன்சாலோ பிசார்ரோவின் ஆட்களோடு நடந்த போரில் உயிரிழந்தார். அந்தக் கலகத்தை அடக்க அரசர் அனுப்பியது பெத்ரோ தெ லா காஸ்கா என்ற பாதிரியாரை. வைஸ்ராய் பட்டம் அவருக்கு இல்லை. அவுதியென்சியாவின் தலைவர் என்ற பதவி மட்டும். 1548-இல் பிசார்ரோவின் தலை உருண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாட்சி கலைந்தது. நீதிமன்ற எல்லைகள் கலையவில்லை. கீட்டோவின் எல்லை ஏறக்குறைய ஈக்வடார் ஆயிற்று, சார்க்காஸ் எல்லை பொலிவியா, சாந்தியாகோ எல்லை சிலி. புதுக் குடியரசுகள் பழைய எல்லைக் கோட்டையே ஏற்கும் என்பது பொதுவிதி. ஆனால் கோடு எங்கே ஓடியது என்று யாரும் ஒத்துப்போகவில்லை. ஈக்வடார் 1563-இன் அரச ஆணையைக் காட்டியது, பெரு 1802-இன் ஆணையைக் காட்டியது. அந்தச் சண்டை 1995-இல்கூடப் போராக வெடித்தது. இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1998 அக்டோபரில், பிரேசிலியா நகரில்.