பெரிய ஃபைல் ஏத்தும்போது சர்வர் ஏன் திணறுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

"சர்வர் ஸ்லோவா இருக்கு." ஐடி வேலையில் இருக்கிற யாரும் இந்த வார்த்தையைக் கேட்காம ஒரு வாரத்தைக் கடத்த முடியாது. அதிலும் பெரிய ஃபைல் அப்லோட்னு வந்துட்டா, முதல் பழி சர்வர் மேலதான். உடனே ஒருத்தர் "ரேம் டபுள் பண்ணிடலாமா?"ன்னு கேட்பார். மாச பில் ஏறும், ஆனா அப்லோட் அதே வேகத்துலதான் போகும். ஏன்னா பல நேரம் பிரச்சினை சர்வருக்குள்ள இருக்கவே இருக்காது.

இன்னைக்கு இதைத்தான் பிரிச்சுப் பார்க்கப்போறோம். ஒரு உதாரணத்தைக் கையில வெச்சுக்கலாம். மந்தைவெளியில கல்யாண வீடியோ எடிட் பண்ற ஒரு சின்ன ஸ்டுடியோ. தினமும் 2 ஜிபி ஃபைலை ஒரு வெப்சைட்டில் ஏத்தணும். அந்த வெப்சைட்டை நடத்துறது நீங்க. ஸ்டுடியோவில் இருந்து போன்: "உங்க சைட் வேலை செய்யல."

முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க

சர்வருக்குள்ள லாகின் பண்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க: "அந்தப் பச்சைக் கோடு எங்க நிக்குது?" பதில் பெரும்பாலும் இந்த நாலுல ஒண்ணா இருக்கும்.

ஒண்ணு, ஆரம்பத்துல இருந்தே ஆமை வேகத்துல ஊர்ந்து போகுது. இது பாதைப் பிரச்சினை.

ரெண்டு, நல்லா வேகமா 100 சதவீதம் வந்துடுது, அப்புறம் சுத்திக்கிட்டே இருக்கு. பைட்டுகள் வந்து சேர்ந்தாச்சு. அதை வெச்சுக்கிட்டு உங்க சர்வர் என்னவோ செஞ்சுக்கிட்டிருக்கு.

மூணு, சின்ன ஃபைல் போகுது, குறிப்பிட்ட அளவைத் தாண்டினா ஒவ்வொரு தடவையும் எரர். இது அளவு வரம்பு.

நாலு, குறிப்பிட்ட நேரம் ஆனதும் அறுந்துபோகுது. ஒருநாள் 30 சதவீதத்துல, இன்னொரு நாள் 45 சதவீதத்துல, ஆனா கடிகாரம் மட்டும் ஒரே மாதிரி. இது டைம்அவுட்.

நாலும் வேற வேற வியாதி, மருந்தும் வேற வேற. ஆனா போன் பண்றவர் நாலுக்கும் "ஸ்லோ"ன்னு ஒரே பேர்தான் சொல்வார்.

பாதையோட கணக்கு

2 ஜிபின்னா சுமார் 16,000 மெகாபிட். ஸ்டுடியோவோட இணைப்பில் அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ்னா, 16,000-ஐ 20-ஆல் வகுங்க. 800 விநாடி, அதாவது 13 நிமிஷத்துக்கு மேல. உலகத்துலயே பெரிய சர்வரை வாங்கி வெச்சாலும் இது குறையாது. நிறைய பிளான்கள்ல விளம்பரம் பண்றது டவுன்லோட் வேகத்தைத்தான். அப்லோட் அதைவிடக் கம்மியா இருக்கலாம். அதனால ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்லும்போது ரெண்டாவது எண்ணை கேளுங்க.

சரி, அப்லோட் வேகம் 100 எம்பிபிஎஸ் இருக்கு, அப்பவும் 2 எம்பிபிஎஸ்லதான் போகுதுன்னா? இங்கதான் தூரம் உள்ள வருது. இதுக்கு நாம சாந்தோம் கடற்கரைக்குப் போகணும்.

2020 ஜனவரியில் சாந்தோம் கடற்கரையில இருந்துதான் அந்தமானுக்குக் கடலடி கேபிள் போடுற வேலை தொடங்குச்சு. சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கிற, சுமார் 2,300 கி.மீ. நீள ஃபைபர் கேபிள். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். வேலையை எடுத்துச் செஞ்சது பிஎஸ்என்எல். அதே வருஷம் ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் அதைத் தொடங்கி வெச்சார். அதுவரைக்கும் அந்தத் தீவுகளோட இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாத்தான் வந்துக்கிட்டிருந்தது.

இதுல கேபிளோட கொள்ளளவைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. நாம இன்னொண்ணைக் கவனிப்போம்: தாமதம். புவிநிலைத் தகவல்தொடர்பு செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல சுமார் 35,786 கி.மீ. உயரத்துல நிக்குது. மேல போய் கீழ வர ஒளிக்கே கிட்டத்தட்ட கால் விநாடி ஆகும். கேள்வி போய் பதில் வரணும்னா அரை விநாடி, அதாவது 480 மில்லி விநாடியாவது ஆகும். கேபிள்ல? சென்னையில் இருந்து போர்ட் பிளேர், இப்ப ஸ்ரீ விஜயபுரம், அதுக்குக் கேபிள் தூரத்தை 1,400 கி.மீ.ன்னு வெச்சுக்கங்க. கண்ணாடி இழைக்குள்ள ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போக வர 14 மில்லி விநாடி. நடுவுல இருக்கிற கருவிகள் இன்னும் கொஞ்சம் சேர்க்கும், ஆனா வித்தியாசம் புரியுது இல்லையா?

தாமதத்துக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

டிசிபின்னு ஒரு நெறிமுறை இருக்கு. அனுப்புறவர் கொஞ்சம் டேட்டா அனுப்பிட்டு, "வந்துச்சு"ன்னு பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பார். பதில் வராமலே எவ்வளவு அனுப்பலாம்னு ஒரு அளவு இருக்கு. அதுக்குப் பேர் விண்டோ. பழைய டிசிபில அது அதிகபட்சம் 65,535 பைட், அதாவது 64 கேபி.

தண்ணி லாரி வரும்போது ஒரே ஒரு குடத்தோட நிக்கிற மாதிரி. குழாய்ல எவ்வளவு வேகமா தண்ணி வந்தாலும், குடத்தை வீட்டுல ஊத்திட்டுத் திரும்பி வர்ற நேரம்தான் கணக்கு. வீடு பக்கத்துல இருந்தா சீக்கிரம் தொட்டி நிறையும். நாலு தெரு தள்ளி இருந்தா?

கணக்குப் போடுவோம். 64 கேபி விண்டோ, 480 மில்லி விநாடி: வேகம் சுமார் 1.1 எம்பிபிஎஸ். அதே 64 கேபி, 14 மில்லி விநாடி: சுமார் 37 எம்பிபிஎஸ். சர்வர்ல ஒரு எழுத்துகூட மாத்தல. கிட்டத்தட்ட 34 மடங்கு வித்தியாசம்.

உங்க சர்வர் அமெரிக்காவில் இருந்து, போக வர 230 மில்லி விநாடி ஆகுதுன்னா, இதே விண்டோவில் 2.3 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். ஸ்டுடியோவோட 2 ஜிபி ஏற ரெண்டு மணி நேரம் ஆகும்.

"இது பழைய கதையாச்சே, 1992-லயே விண்டோவைப் பெருசாக்குற வழி வந்துடுச்சே"ன்னு தெரிஞ்சவங்க சொல்வீங்க. உண்மைதான், இன்னைக்கு எல்லா ஓஎஸ்லயும் அது இருக்கு. ஆனா அதே 64 கேபி வேற வேஷத்துல திரும்பி வந்திருக்கு. எச்டிடிபி 2-ல ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் ஆரம்ப விண்டோ மறுபடியும் 65,535 பைட்தான். சில சர்வர் மென்பொருள்கள் அதைத் தாமாவே பெருசாக்கும், சில அப்படியே விட்டுடும். சோதிக்க ஒரு வழி: கர்ல் கமாண்டில் எச்டிடிபி 1.1-ஐக் கட்டாயப்படுத்தி அதே ஃபைலை ஏத்துங்க. வேகம் பல மடங்கு கூடினா, பிரச்சினை விண்டோவில் இருக்குன்னு புரிஞ்சுடும்.

பாதை திடீர்னு மாறவும் செய்யும். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் சென்னையைத் தாக்கினப்ப, கடலடி கேபிள் ஒண்ணு பாதிக்கப்பட்டிருக்குன்னு ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுச்சு. 2025 செப்டம்பர்ல செங்கடல்ல கேபிள்கள் அறுந்தப்ப, மைக்ரோசாஃப்ட்டே தன் அசூர் சேவையில் தாமதம் கூடும்னு அறிவிச்சுது. டேட்டா சுத்துப் பாதையில் போகுது, தாமதம் கூடுது, உங்களுக்கு போன் வருது: "சர்வர் ஸ்லோ."

100 சதவீதத்துல நிக்குதா?

இப்ப ரெண்டாவது வியாதிக்கு வருவோம். இது நிஜமாவே சர்வர் பிரச்சினை.

வழக்கமான அமைப்பு என்ன? முன்னாடி என்ஜின்எக்ஸ், பின்னாடி உங்க ஆப். என்ஜின்எக்ஸ் மாறாத அமைப்புல என்ன பண்ணும்னா, முழு ஃபைலையும் தானே வாங்கி டிஸ்க்ல ஒரு தற்காலிக ஃபைலா எழுதிட்டு, அப்புறம்தான் ஆப்புக்குக் கொடுக்கும். ஆப் அதை வாங்கி இன்னொரு தற்காலிக ஃபைலா எழுதும். அப்புறம் சரியான ஃபோல்டருக்கு நகர்த்தும். அந்த ஃபோல்டர் வேற டிஸ்க்ல இருந்தா நகர்த்துறதுன்னா முழுசா காப்பி பண்றதுதான். 2 ஜிபி ஃபைலுக்கு 6 ஜிபி எழுதியாச்சு. பத்து பேர் ஒரே நேரத்துல ஏத்தினா?

அதுவும் கிளவுட் டிஸ்க்னா ஒரு சூட்சுமம் இருக்கு. அமேசானோட பழைய ஜிபி2 வகை டிஸ்க்ல, ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ்தான் அடிப்படை வேகம். 100 ஜிபி டிஸ்க்னா 300. சேமிச்ச கிரெடிட் இருக்கிற வரைக்கும் 3,000 வரை ஓடும், கிரெடிட் தீர்ந்ததும் 300-க்கு விழுந்துடும். "காலையில நல்லா இருந்துச்சு சார், மதியத்துக்கு மேல ஸ்லோ"ன்னு யாராவது சொன்னா இதைப் பாருங்க. ஜிபி3 வகைக்கு மாறினா ஆரம்பமே 3,000.

அடுத்தது மெமரி. சில ஆப் முழு ஃபைலையும் ரேமுக்குள்ள இழுத்துக்கும். பேஸ்64-ஆ மாத்தி அனுப்பினா அளவு மூணுல ஒரு பங்கு கூடும். ரேம் நிறைஞ்சு ஸ்வாப் தொடங்கினா, அப்லோட் மட்டும் இல்ல, லாகின் பக்கம்கூடத் திறக்காது.

டிஸ்க்கா, ஆப்பா, பாதையான்னு எப்படிப் பிரிக்கிறது? என்ஜின்எக்ஸ் லாகில் ரெண்டு எண்ணைச் சேர்த்துப் பதிவு பண்ணுங்க: மொத்தக் கோரிக்கை நேரம், பின்னாடி இருக்கிற ஆப் பதில் சொல்ல எடுத்த நேரம். மொத்தம் 800 விநாடி, ஆப் 4 விநாடின்னா, பாதைதான் காரணம், சர்வரை விட்டுடுங்க. மொத்தம் 200, ஆப் 180-ன்னா குற்றவாளி உள்ளதான் இருக்கார். அப்ப ஐஓஸ்டாட் ஓடவிட்டு டிஸ்க்கோட காத்திருப்பு நேரத்தைப் பாருங்க. பணம் செலவழிக்கிறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு எண்ணைப் பார்த்தா போதும், பாதி விவாதம் முடிஞ்சுடும்.

யாரை வெளியே நிறுத்துறோம்?

மூணாவது, அளவு வரம்பு. இது சுலபம். என்ஜின்எக்ஸ்ல மாறாத வரம்பு 1 எம்பி. பிஎச்பில ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்ட்டுக்கு 8 எம்பி. கிளவுட்ஃபிளேரோட இலவச பிளான் முன்னாடி இருந்தா 100 எம்பி. ஒண்ணை மட்டும் கூட்டினா போதாது, வழியில இருக்கிற எல்லாக் கதவையும் திறக்கணும்.

நாலாவது, டைம்அவுட். நான் இந்த எபிசோடைப் பண்ணணும்னு நினைச்சதுக்குக் காரணமே இதுதான். நோட் ஜேஎஸ் 18-ஆவது பதிப்பில் இருந்து, ஒரு கோரிக்கை முழுசா வந்து சேர 300 விநாடிதான் கெடு. அஞ்சு நிமிஷம். நியாயமாத்தானே தெரியுது? முன்னாடி என்ஜின்எக்ஸ் வாங்கி வெச்சுக் கொடுத்தா பிரச்சினை இல்ல. நோட் நேரடியா வாங்குதுன்னா, 2 ஜிபி ஃபைலை 300 விநாடிக்குள்ள ஏத்த 53 எம்பிபிஎஸ் அப்லோட் வேகம் வேணும். நம்ம மந்தைவெளி ஸ்டுடியோவுக்கு இருக்கிறது 20. அவங்க எத்தனை தடவை முயற்சி பண்ணாலும், ஒவ்வொரு தடவையும் அஞ்சாவது நிமிஷத்துல அறுந்துபோகும். நாள் பூரா முயற்சி பண்ணாலும் ஒரு தடவைகூட முடியாது.

அடையாறுல ஃபைபர் போட்ட ஆபீஸ்ல உட்கார்ந்து டெஸ்ட் பண்ற உங்களுக்கு இது தெரியவே தெரியாது. உங்களுக்கு ரெண்டே முக்கால் நிமிஷத்துல ஏறிடும். "எனக்கு வேலை செய்யுதே"ன்னு டிக்கெட்டை மூடிடுவீங்க. யாரோ எப்பவோ வெச்ச ஒரு எண், மெதுவான இணைப்பு இருக்கிறவங்களை வெளியே நிறுத்துது. அந்த ஃபைல் கல்யாண வீடியோவா இருந்தா கஸ்டமர் போவார். கடைசித் தேதிக்குள்ள ஏத்த வேண்டிய விண்ணப்பமா இருந்தா ஒருத்தருக்கு ஒரு வருஷமே போகும்.

அப்ப என்ன செய்யலாம்?

டைம்அவுட்டைக் கூட்டுறது முதலுதவி. நிரந்தரத் தீர்வு, ஃபைலைத் துண்டு துண்டா வாங்குறது. 2 ஜிபியை 8 எம்பி துண்டுகளாப் பிரிச்சா 250 துண்டு. ஒரு துண்டு அறுந்தா அதை மட்டும் திரும்ப அனுப்பினா போதும். கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். டஸ்னு ஒரு திறந்த நெறிமுறையே இதுக்காக இருக்கு. நாலஞ்சு துண்டை ஒரே நேரத்துல தனித்தனி இணைப்புல அனுப்பினா, விண்டோ பிரச்சினையும் குறையும். நாலு பேர் நாலு குடம் தூக்குற மாதிரி.

ஃபைல் கடைசியில் எஸ்3 மாதிரி ஒரு இடத்துக்குத்தான் போகப்போகுதுன்னா, உங்க சர்வர் நடுவுல எதுக்கு? கொஞ்ச நேரம் மட்டும் செல்லுபடியாகிற ஒரு கையெழுத்திட்ட முகவரியைக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கங்க. பிரவுசர் நேரா அங்க ஏத்திக்கும். எஸ்3-ல ஒரு துண்டு குறைஞ்சது 5 எம்பி இருக்கணும், கடைசித் துண்டுக்கு மட்டும் விலக்கு. மொத்தம் 10,000 துண்டு வரை போகலாம். பாதியில விட்ட துண்டுகளுக்கும் காசு பிடிப்பாங்க, அதனால சில நாள்ல தானா அழியிற விதியை மறக்காம வைங்க.

கடைசியா, இடம். கேட்கிறவங்க தமிழ்நாட்டுல இருந்தா, ஃபைல் நுழையிற வாசலும் பக்கத்துல இருக்கட்டும். அமேசானுக்கு 2016-ல இருந்து மும்பையிலும் 2022-ல இருந்து ஹைதராபாத்திலும் மையம் இருக்கு. அசூருக்குச் சென்னையிலயே இருக்கு.

இந்த வாரம் ஒரு வேலை கொடுக்கிறேன். ஆபீஸ் வைஃபையை அணைச்சுட்டு, போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னல் சுமாரா இருக்கிற இடத்துல நின்னு உங்க சைட்டிலயே ஒரு பெரிய ஃபைலை ஏத்திப் பாருங்க. பச்சைக் கோடு எங்க நிக்குதுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. வர்ற பதில்களை வெச்சு அடுத்த எபிசோட்ல தொடரலாம்.