நட்சத்திர மீனுக்கு நாடி பார்ப்பது எப்படி?

போடிப் பிள்ளைகளே! குரங்கணி மலையில் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாக இறங்கி, உங்கள் ஊரைத் தொட்டு, வைகையில் கலக்கிறது. வைகையில் வெள்ளம் பெருகினால் அந்தத் தண்ணீர் ராமநாதபுரம் தாண்டிப் பாக் நீரிணை வரை போகும். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. பவளப்பாறைகளோடும் கடற்பசுக்களோடும் நட்சத்திர மீன்களும் அங்கே வாழ்கின்றன.

பெயரில்தான் மீன். அதற்குச் செதில் இல்லை, மூளை இல்லை, இரத்தமும் இல்லை! உடம்பின் குழாய்களில் ஓடுவது கடல்நீர். சிப்பி கிடைத்தால் தன் வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி, அதைச் செரித்துவிடும். கை அறுந்தால் மெல்ல மெல்ல மறுபடி முளைக்கும்.

இப்படிப்பட்ட உயிருக்கும் நோய் வரும். 2013-இல் வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் நட்சத்திர மீன்களின் கைகள் முறுக்கிக்கொண்டன, உடம்பில் புண் வந்தது, கைகள் கழன்றன, சில நாட்களில் உடல் கூழாகிப் போனது. 20-க்கும் மேற்பட்ட வகைகள் பாதிக்கப்பட்டன. 24 கைகள் வரை உள்ள சூரியகாந்தி நட்சத்திர மீன் 90 சதவீதம் அழிந்தது. அது தின்றுவந்த கடல் முள்ளெலிகள் பெருகி, கடற்பாசிக் காடுகளை மேய்ந்து தீர்த்தன. நோயை உண்டாக்கியது விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025-இல்தான் தெரிந்தது. காலராக் கிருமிக்கு அது சொந்தக்காரன்!

இரத்தமே இல்லாததற்கு நாடி பார்க்க முடியுமா? எண்ணித்தான் பார்க்க வேண்டும். விஞ்ஞானிகள் கரையோரப் பாறைகளில் இடம் குறித்து, ஆணி அடித்து அடையாளம் வைக்கிறார்கள். கடல் உள்வாங்கும் நேரத்தில் அதே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள். எத்தனை இருக்கின்றன, எவ்வளவு பெரியவை, எவற்றுக்குப் புண் என்று எழுதுகிறார்கள். குட்டிகள் தென்பட்டால் மகிழ்ச்சி. அந்தக் குட்டிகள் பிழைத்து வளர்கின்றனவா என்று அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பார்த்த பிறகே, இனம் மீள்கிறது என்பார்கள். நோய் வருவதற்கு முன்பே எண்ணி வைத்த இடங்களில்தான் இழப்பு எவ்வளவு என்று சரியாகச் சொல்ல முடிந்தது.

நம் மன்னார் வளைகுடாவிலும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் நீருக்குள் மூழ்கிப் பவளப்பாறைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். உங்கள் மலையில் ஏலத்தோட்டக்காரர்கள் தூர் தூராகப் பார்த்து, கட்டே நோய் கண்ட செடியைப் பிடுங்கி எறிவதும் இதே வகைக் கண்காணிப்புதான். கடலில் பிடுங்கி எறிய வழியில்லை. அதனால் எண்ணும் வேலைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

நீங்களும் தொடங்கலாம். பள்ளித் தோட்டத்தில் ஒரு மீட்டர் சதுரம் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அங்குள்ள நத்தைகளையும் எறும்புப் புற்றுகளையும் எண்ணித் தேதியோடு எழுதுங்கள். ஒன்றுமே தென்படாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதுவும் கணக்குதான்.